உடைந்த வளையலில் ஒரு ராஜ்யம்! காட்டுக்குள் ரகசியமாகக் கட்டிய ரோடு இன்ஸ்பெக்டர்

பகலில் சர்க்கார் உத்தியோகம். ராத்திரியில் காட்டுக்குள் கள்ளத்தனமாகக் கட்டிட வேலை.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. வருஷக் கணக்கில்!

மேலதிகாரிக்குத் தெரியாது. போலீசுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. வீட்டில் மனைவிக்கும், நம்பிக்கையான ஓரிரண்டு பேருக்கும் மட்டுமே தெரியும்.

கட்டியது கள்ளச்சாராயக் கிடங்கு அல்ல. பதுக்கல் கோடவுனும் அல்ல. ராஜாவும் ராணியும், ஆட்டக்காரிகளும், குரங்கும் மயிலும் நிறைந்த ஒரு பொம்மை ராஜ்யம்! எல்லாம் ஊர் தூக்கி எறிந்த ஓட்டை உடைசல்!

அந்த ஆசாமியின் பெயர் நேக் சந்த். ஊர், சண்டிகர். அவருடைய தோட்டத்தைப் பார்க்க இன்றைக்கும் தினம் ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. அதை இடித்துவிட்டு ரோடு போடவும் கார் நிறுத்தவும் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் குறுக்கே ஊர் மக்கள் போய் நின்றதும் உண்டு.

அகதியாக வந்தவர்

நேக் சந்த் 1924-ல் பிறந்தவர். சொந்த ஊர் ஷகர்கர் தாலுகாவில் ஒரு சின்ன கிராமம். விவசாயக் குடும்பம். மெட்ரிக் வரை படித்தார். சிற்பம், ஓவியம் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அம்மா சொன்ன ராஜா ராணிக் கதைகளும், ஆற்றங்கரை மண்ணில் செய்து விளையாடிய பொம்மைகளும்தான் அவருடைய கலைப் படிப்பு.

1947-ல் நாடு துண்டானது. கோடு கிழித்தபோது ஷகர்கர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. வீடு, நிலம், கிராமம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, லட்சக்கணக்கான மற்றவர்களைப் போல் அந்தக் குடும்பமும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

பஞ்சாபின் தலைநகரான லாகூரும் அந்தப் பக்கம் போயிற்று. இந்திய பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் வேண்டும். பிரதமர் நேரு தீர்மானித்தார். பிரெஞ்சு நிபுணர் லெ கொர்புசியே வரவழைக்கப்பட்டார். சிவாலிக் மலை அடிவாரத்தில் சண்டிகர் எழும்பத் தொடங்கியது.

கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போன்ற ஊர் அது. செக்டர் 1, செக்டர் 2 என்று எண்கள்தான் பேட்டைகளுக்குப் பெயர். எந்த இடத்தில் கட்டிடம் வரலாம், எங்கே வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஊரின் வடகோடியில் தலைமைச் செயலகம், சட்டசபை, ஐகோர்ட். அதையொட்டிய பசுமைப் பகுதியில் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. அப்படிக் கண்டிப்பு!

இந்த ஊருக்கு ரோடு போடும் வேலையில்தான் 1951-ல் நேக் சந்த் சேர்ந்தார். பொதுப்பணித்துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். மாதச் சம்பளம், சைக்கிள், மேலதிகாரியின் அதட்டல். எந்த ஆபீசிலும் பார்க்கக்கூடிய ஒரு சாதாரண ஊழியர்.

இடிந்த கிராமங்கள்

புது ஊர் என்றால் பழைய ஊர் போக வேண்டும். சண்டிகருக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி செய்யப்பட்டன. வீடுகள் இடிந்தன. மண்ணோடு மண்ணாக என்னென்னவோ கிடந்தன. உடைந்த பானை, கதவு நிலை, ஓட்டாஞ்சில்லு, பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன விளையாட்டுச் சாமான்.

தன் கிராமத்தை விட்டு ஓடி வந்த மனிதருக்கு இதெல்லாம் வெறும் குப்பையாகத் தெரியவில்லை போலும். பொறுக்க ஆரம்பித்தார்.

கட்டிட வேலை நடக்கும் இடங்களில் இன்னும் எத்தனையோ சரக்கு. உடைந்த வாஷ்பேசின், கக்கூஸ் பீங்கான், விரிசல் விட்ட ஓடு, எரிந்துபோன ட்யூப் லைட், பீங்கான் பியூஸ் கட்டை, காலியான தார் டிரம். மழையில் நனைந்து கல்லாகிப் போன சிமெண்டு மூட்டைகளைக்கூட விடவில்லை.

ஆற்றுப் படுகைக்கும் போனார். சுக்னா ஓடை, கக்கர் ஆறு. வெள்ளம் உருட்டி உருட்டிச் செதுக்கிய கற்கள் அங்கே ஏராளம். ஒன்று பறவை மாதிரி இருக்கும். ஒன்று குந்தியிருக்கும் கிழவி மாதிரி இருக்கும். அப்படி உருவம் உள்ள கல்லாகத் தேடி எடுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்.

கல்லைக் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் தினமும் போனால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? காயலான் கடைக்காரர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ராத்திரி வெளிச்சம்

1958 வாக்கில், சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு குடிசை போட்டார். அங்கேதான் சரக்கு சேர்ந்தது. ஆபீஸ் முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவார். இருட்டிய பிறகு வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்திக் கொள்வார். (இன்றைக்கு டயர் கொளுத்தினால் புகை கேஸ் போட்டுவிடுவார்கள். அன்று கேட்க ஆள் இல்லை.)

ஏழு வருஷம் சேர்த்தார். 1965-ல் கட்டத் தொடங்கினார். சண்டிகர் நகரத்துக்குத் திட்டம் போட்ட லெ கொர்புசியே காலமானதும் அதே 1965-ல்தான். அவர் போட்ட திட்டத்தில் இல்லாத ஒரு ஊர், அவருடைய ஊருக்குள்ளேயே முளைத்தது!

வரைபடம் கிடையாது. கொத்தனார் கிடையாது. எல்லாம் மனசுக்குள் இருந்தது.

பொம்மை செய்யும் விதம் இதுதான். பழைய இரும்புக் கம்பி அல்லது காயலான் சைக்கிளின் குழாயை வளைத்து முதலில் எலும்புக்கூடு தயார். சைக்கிள் ஃபோர்க் கால்களாகும். சீட்டு, மிருகத்தின் தலையாகும். அதன்மேல் சிமெண்டுக் கலவை. கலவை ஈரமாக இருக்கும்போதே வளையல் துண்டு, பீங்கான் சில்லு, ஓட்டுத் துண்டு என்று ஒவ்வொன்றாகப் பதிப்பார். அதுதான் சேலை, அதுதான் சட்டை. முகத்தை மட்டும் வழவழப்பாகத் தேய்த்து விடுவார்.

உடைந்த கண்ணாடி வளையலால் உடை உடுத்திய ஆட்டக்காரிகளைப் பார்க்க வேண்டும். சிவப்பும் பச்சையுமாக வெயிலில் மினுங்குகிறார்கள். எத்தனை பெண்களின் கையில் கிடந்த வளையலோ!

சில பொம்மைகளுக்குத் தலைமுடி உண்டு. நிஜமான மனித முடி! சலூன்களில் வெட்டித் தள்ளிய முடியை வாங்கி வந்து வைத்திருக்கிறார். பட்டறைகளில் உலையிலிருந்து கழித்துப் போடும் கருங்கசடு, பாறையாகவும் சுவராகவும் மாறியது. தார் டிரம்களை வரிசையாக நிறுத்திக் கோட்டை மதில் ஆக்கினார். பீங்கான் மின்சார சாமான்களை அடுக்கி ஒரு சுவரே எழுப்பினார்.

புதிதாகச் செதுக்கிய கல் எதுவும் இல்லை. மலையை வெட்டவில்லை, மரத்தை வெட்டவில்லை. "சுற்றுச்சூழல்" என்ற வார்த்தையை மேடையில் யாரும் பேசத் தொடங்காத நாளிலேயே நடந்த காரியம் இது.

மாட்டிக்கொண்டார்!

எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?

1970-களில் ஒரு நாள். காட்டுப் புதரை வெட்டிச் சுத்தம் செய்ய சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். மலேரியாக் கொசுவை ஒழிக்கும் வேலை. செடி கொடியை விலக்கிக்கொண்டே போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

எதிரே நூற்றுக்கணக்கான பொம்மைகள் வரிசை வரிசையாக நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன! ஒரு முற்றம் தாண்டினால் இன்னொரு முற்றம், சந்து, வாசல், மதில் என்று சுமார் 12 ஏக்கர்!

விஷயம் ஆபீசுக்குப் போயிற்று. ரோடு இன்ஸ்பெக்டர் அகப்பட்டார்.

சட்டப்படி பார்த்தால் தப்பு, பெரிய தப்பு. சர்க்கார் நிலம். ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாத இடம். கட்டியவர் சர்க்கார் ஊழியர். இடித்துத் தள்ள உத்தரவு போடலாம். ஆளை வேலையை விட்டு நீக்கலாம். பெண்டாட்டி பிள்ளையுடன் அவர் நடுத்தெருவுக்கு வரவேண்டியதுதான்.

அப்படி நடக்கவில்லை. பார்க்க வந்த அதிகாரிகளில் சிலர் வாயடைத்துப் போனார்கள். அவர்களில் முக்கியமானவர் எம்.எஸ்.ரந்தாவா. பழைய ஐ.சி.எஸ். அதிகாரி, செடி கொடி, ஓவியம் எல்லாவற்றிலும் ஈடுபாடு உள்ளவர். இதை இடிக்கக்கூடாது, இருக்கிறபடியே காப்பாற்ற வேண்டும் என்று அவர் பரிந்து பேசினார். செய்தி வெளியே கசிந்ததும் ஊர் ஜனங்களும் காட்டுக்குள் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பார்த்தவர்கள் அவர் பக்கம் சேர்ந்தார்கள்.

நிர்வாகம் இறங்கி வந்தது. 24.1.1976 அன்று தோட்டம் முறைப்படி திறக்கப்பட்டது. பெயர் "ராக் கார்டன்", அதாவது கல் தோட்டம்.

ஆச்சரியம் அதோடு நிற்கவில்லை. தண்டனை கிடைக்க வேண்டிய மனிதருக்குப் பதவி உயர்வு! "சப்-டிவிஷனல் என்ஜினீயர், ராக் கார்டன்" என்று புது உத்தியோகம். ரோடு வேலையிலிருந்து விடுதலை. சம்பளத்தோடு, கூட வேலை செய்ய 50 ஆட்கள். சர்க்கார் ஆபீசில் ஆயுசு முழுவதும் உழைத்தவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு ஆர்டர் கையில் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று.

ஊரே சேர்ந்து கட்டியது

இதுவரை ஒற்றை ஆள் காரியம். இதற்குப் பிறகு ஊர்க் காரியம்.

நகரத்தில் பல இடங்களில் ஓட்டை உடைசல் சேகரிக்கும் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. உடைந்த கப்பு, சாஸர், தட்டு, வளையல், துணி என்று ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓட்டல்களிலிருந்தும் உடைந்த பீங்கான் வந்தது. வீட்டில் உடைந்ததைத் திட்டிக்கொண்டே குப்பைத் தொட்டியில் போட்டவர்கள், நேக் சந்துக்கு ஆகும் என்று எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். தையல் கடைத் துண்டுத் துணிகளில் ஆள் உயரத் துணிப் பொம்மைகளும் உருவாயின.

கூலியாட்களும் நாளடைவில் கைதேர்ந்தவர்கள் ஆனார்கள். இன்ன பொம்மைக்கு இன்ன சில்லு என்று பழகிக்கொண்டார்கள். பின்னாளில் வெளிநாடுகளிலிருந்துகூடத் தொண்டர்கள் வந்து, அவர்களோடு உட்கார்ந்து சில்லு பதித்துவிட்டுப் போனார்கள்.

தோட்டம் வளர்ந்தது. இரண்டாவது கட்டத்தில் அருவிகள், ஓடைகள், ஒரு குட்டிக் கிராமம். மூன்றாவது கட்டம் இன்னும் பெரிது. உயரமான வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் ஊஞ்சல், திறந்தவெளி அரங்கம். ஊஞ்சல் குழந்தைகளுக்கு என்று நினைக்க வேண்டாம். அரைக்கிழவர்களும் ஆடுகிறார்கள். சிமெண்டில் வார்த்த மர வேர்கள் எது, நிஜ வேர் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மொத்தம் இன்று சுமார் 40 ஏக்கர்.

வாசல்கள் மட்டும் குள்ளம். எப்பேர்ப்பட்ட வி.ஐ.பி. வந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். இது தெரியாமல் நேர்ந்தது அல்ல. சாமி இருக்கும் இடத்துக்குள் தலை வணங்கி வரவேண்டும் என்று அவரே வைத்த அளவு!

புகழ் கடல் தாண்டியது. 1980-ல் பாரீஸ் நகரம் பதக்கம் கொடுத்தது. 1983-ல் இந்தியத் தபால் தலையில் ராக் கார்டன் சிற்பம் இடம்பெற்றது. 1984-ல் பத்மஸ்ரீ. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரக் குழந்தைகள் மியூசியத்திலும் போய் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார்.

புல்டோசர் வந்தது

புகழ் வந்தால் பகையும் வரும்.

தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் ஐகோர்ட். வழக்குகள் பெருகின, வக்கீல்கள் பெருகினார்கள், கார்களும் பெருகின. கார் நிறுத்த இடம் வேண்டும், போக வர ரோடு வேண்டும் என்ற பேச்சு 1980-களின் கடைசியில் கிளம்பியது. கண்ணில் பட்ட இடம் தோட்டத்து நிலம்!

அனுமதி இல்லாமல் ஒரு தனி ஆள் கட்டியதுதானே, இதற்கு என்ன உரிமை என்று வாதம். விவகாரம் கோர்ட் வாசல் ஏறியது.

1990 வாக்கில் புல்டோசரே வந்துவிட்டது.

அப்போதுதான் சண்டிகர் ஜனங்கள் யார் என்பது தெரிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டார்கள். கைகோத்து மனிதச் சங்கிலியாக யந்திரத்துக்கு முன்னால் நின்றார்கள். புல்டோசர் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. கோர்ட்டிலும் தோட்டத்துக்கே ஜெயம்.

அவர்கள் ஏன் நின்றார்கள்? கலை ரசிகர்கள் என்பதால் மட்டும் இருக்காது. அந்தப் பொம்மைகளின் மேல் இருப்பது அந்த ஊர்க்காரர்களின் வளையல், அந்த ஊர்க்காரர்களின் தட்டு. மற்றப் பூங்காக்களை சர்க்கார் கட்டி ஜனங்களுக்குக் கொடுத்தது. இதற்கு ஜனங்கள் கொடுத்திருந்தார்கள். புல்டோசர் ஓட்டி வந்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயம் இல்லை.

1996-ல் இன்னொரு இடி. நேக் சந்த் சொற்பொழிவுக்காக அமெரிக்கா போயிருந்தார். அந்தச் சமயம் பார்த்து, தோட்டத்துக்குக் கொடுத்துவந்த பணம் நிறுத்தப்பட்டது. காவலும் குறைந்தது. விஷமிகள் உள்ளே புகுந்து பொம்மைகளை உடைத்தார்கள். கை போனது சில, தலை போனது சில.

திரும்பி வந்தவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒட்டுப்போடத் தொடங்கினார். உடைந்ததை வைத்து வேலை செய்வது அவருக்குப் புதிதா என்ன! தோட்டத்தைப் பராமரிக்கத் தனிச் சங்கம் ஒன்று பொறுப்பேற்றது. 1997-ல் இங்கிலாந்திலும் அவர் பெயரில் உதவி அமைப்பு தொடங்கியது.

மறைவுக்குப் பிறகு

நேக் சந்த் 2015 ஜூன் 12-ல் தமது 90-வது வயதில் காலமானார். முதிய வயதிலும் தோட்டத்தில் இருந்த தம் அறைக்கு வருவது அவர் வழக்கம். பார்க்க வந்தவர்களில் பலருக்கு, ஓரமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர்தான் இதையெல்லாம் கட்டியவர் என்பதே தெரியாது.

அவர் போய்ப் பத்து வருஷம் ஆன நேரத்தில் பழைய தகராறு மறுபடி தலைதூக்கியது. 2025-ன் தொடக்கத்தில் தோட்டத்து மதில் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. காரணம் அதேதான். ஐகோர்ட் பக்கம் வாகன நெரிசல், ரோட்டை அகலப்படுத்த வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும்.

நியாயம் இரண்டு பக்கமும் இல்லாமல் இல்லை. கோர்ட்டுக்கு வரும் ஏழைக் கட்சிக்காரனும் வெயிலில் வண்டிக்கு இடம் தேடித்தான் அலைகிறான். ஆனால் கார் வருஷா வருஷம் பெருகும். தோட்டம் பெருகாது. இன்று ஒரு சுவர் என்றால், அடுத்த நெரிசலுக்கு எந்தச் சுவர்?

மதில் விழுந்த செய்தி பரவியதும் சண்டிகர் வாசிகள் மறுபடி வந்தார்கள். 1990-ல் நின்றது போலவே தோட்டத்து வாசலில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்தத் தடவை யந்திரம் முந்திக்கொண்டது. சுவர் போனது போனதுதான்.

பக்கத்திலும் உண்டு

சண்டிகர் தூரம் என்பவர்கள் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ் ஏறலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மலம்புழா அணை. அணைப் பக்கத்தில் இதே நேக் சந்த் அமைத்துக் கொடுத்த ஒரு சின்னக் கல் தோட்டம் இருக்கிறது. அங்கேயும் உடைந்த ஓடு, உடைந்த வளையல்தான். ஒரே வித்தியாசம், அது சர்க்கார் கூப்பிட்டு அவரைக் கட்டச் சொன்னது. டயர் கொளுத்த வேண்டிய அவசியம் இல்லை.